வௌவாலின் உறைவிடம்

கதிரவன் மறையும் வேளையில், ஏரிக்கரையில் நிற்கும் முதிய ஆலமரத்திலிருந்து நூற்றுக்கணக்கான வௌவால்கள் எழுந்து வானில் பரவுகின்றன. இரவெல்லாம் இரைதேடித் திரிந்து, விடியுமுன் அதே மரத்திற்கு மீள்கின்றன. சுற்றிலும் மரங்கள் பல இருக்க, அந்த ஒரு மரத்தை அவை நாடுவது ஏன்? பாழ்மண்டபத்தில் உறையும் வௌவால் அம்மரத்தில் வந்து தொங்காதது ஏன்?

பழந்தமிழர் ‘வாவல்’ என்று வழங்கிய இவ்வுயிர், பறக்கும் ஆற்றல் பெற்ற பாலூட்டியாகும். அதன் சிறகு இறகால் ஆனதன்று. நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த மெல்லிய தோலே அதன் சிறகு. அத்தோலில் மயிர் மிகக் குறைவு, குருதிக்குழாய்கள் மிகுதி. ஆதலின், சூடும் குளிரும் வௌவாலை எளிதில் தாக்கும். உடலிலுள்ள நீரும் சிறகின் வழியே விரைவில் வெளியேறும். எனவே, பகற்பொழுதைக் கழிப்பதற்கு, தன் உடலுக்கேற்ற வெப்பமும் ஈரமும் ஒளியளவும் பகைவர் அணுகாத காப்பும் உள்ள இடத்தையே அது தேர்ந்துகொள்கிறது.

சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள பெரிய பழந்தின்னி வௌவால் திறந்த வெளியில் வாழ்வது. ஆல், அரசு, புளி, மருது முதலிய உயர்ந்த மரங்களை, பெரும்பாலும் நீர்நிலைக்கு அருகில், அது நாடும். உயர்ந்த கிளை பகைவரிடமிருந்து காக்கும். பிடியை விட்டவுடன் சிறகை விரித்துப் பறக்கவும் இடந்தரும். வெயில் ஏறினால் அது நிழலுக்கு நகரும், சிறகால் விசிறிக்கொள்ளும், உமிழ்நீரால் உடலை நனைக்கும். ஆயினும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பரில், ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரப் பகுதியில் வெப்பம் 42 டிகிரி செல்சியசைக் கடந்தபோது, ஒருவகைப் பழந்தின்னி வௌவால்கள் ஏறத்தாழ 23,000 மாண்டன. அந்நாட்டில் வாழ்ந்த அவ்வினத்தில் அது மூன்றில் ஒரு பங்காகும்.

பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் பலவும் குகைகளையும் பாழ்மண்டபங்களையும் கோபுரத்தின் உட்புறத்தையும் நாடுகின்றன. தடித்த கல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. ஆதலின், வெளியே சித்திரை வெயில் காய்ந்தாலும் உள்ளே வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. ஒரே குகையிலும் இனத்திற்கோர் இடம் உண்டு. வாயிலருகே மங்கிய ஒளியில் கல்லறை வௌவால் சுவரைப் பற்றிக் கிடக்கும். இலைமூக்கு வௌவால் உள்ளிருளில் தொங்கும்.

குறுமூக்குப் பழந்தின்னி தன் உறைவிடத்தைத் தானே அமைக்கிறது. ஆண் வௌவால் கூந்தற்பனையின் காய்க்குலையில் உட்காம்புகளைப் பல்லால் கடித்து நீக்கி, மணி போன்ற குடைவை உண்டாக்கும். வெயிலும் மழையும் தாக்காத அக்குடிலில் பெண் வௌவால்கள் வந்து தங்கும்.

காலத்திற்கேற்பவும் தேவை மாறும். குளிர்நாட்டு வௌவால்கள் பல, பனிக்காலத்தில் உணவின்றி நெடுந்துயில் கொள்கின்றன. அப்போது அவற்றுக்கு வேண்டியது, நீர் உறையாத, ஆனால் குளிர்ந்த ஈரமான குகை. குகை சூடேறினால் உடலில் சேர்த்த கொழுப்பு விரைவில் தீர்ந்துவிடும். குட்டி வளர்க்கும் தாய்க்கோ வெம்மை வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பிராக்கன் குகையில், கோடைக்காலத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வௌவால்கள் கூடுகின்றன. நெருங்கித் தொங்கும் அவற்றின் உடற்சூடே குகையை வெம்மையாக்கிக் குட்டிகளை வளர்க்கிறது.

இவ்வாறு ஆராய்ந்து கொண்ட இடத்தை மனிதன் ஒரு நாளில் அழித்துவிடக்கூடும். சாலைக்காக முதிய மரம் வீழ்கிறது. மண்டபத்தில் ஒளிவிளக்கு எரிகிறது. துயிலும் வௌவாலைக் குகைக்குள் நுழைவோர் எழுப்பிவிடுகின்றனர். வீணே விழித்த வௌவால், வேனில் வருமுன் கொழுப்புத் தீர்ந்து மடியவும் கூடும். இழப்பு அதற்கு மட்டுமன்று. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை உண்பதும், இலுப்பையின் மகரந்தத்தைச் சேர்த்து அதன் விதைகளைப் பரப்புவதும் வௌவாலே. இத்தகைய உயிரை அஞ்சி விரட்டுதல் தகாது. அதன் மரத்தை வெட்டாமலும், அதன் இருளைக் கலைக்காமலும் இருத்தலே நாம் செய்யத்தக்க பேருதவியாகும்.