றியாலின் விலையும் நமது கல்லாப்பெட்டியும்

மட்டக்களப்புப் பகுதியிலுள்ள நமது ஊர்களில் டொலரின் விலையை விட றியாலின் விலையைத்தான் மக்கள் அதிகம் விசாரிக்கிறார்கள். காத்தான்குடியில் புடவைக்கடையாகட்டும், ஏறாவூரில் பலசரக்குக் கடையாகட்டும், ஓட்டமாவடியில் ஹாட்வெயார் கடையாகட்டும், அங்கு செலவாகும் பணத்தில் ஒரு பங்கு சவூதியிலோ கட்டாரிலோ உழைத்த பணமாகும். எனவே ரூபாவுக்கும் றியாலுக்கும் இடையிலான மாற்று வீதம் எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் அறிந்திருப்பது அவசியம்.

றியால் என்பது வேறு உடையிலுள்ள டொலர்

1986ஆம் ஆண்டு முதல் சவூதி அரேபியா ஒரு டொலருக்கு 3.75 றியால் என்ற நிலையான வீதத்தைப் பேணி வருகிறது. கட்டார் றியாலும் 3.64 என்ற அளவில் டொலருடன் கட்டப்பட்டுள்ளது. ஆகவே றியாலின் விலை கூடிவிட்டது என்று நாம் சொல்லும்போது உண்மையில் நடப்பது டொலருக்கு எதிராக நமது ரூபா இறங்குவதுதான். கணக்கு இலகுவானது. அன்றைய டொலர் விலையை 3.75ஆல் பிரித்தால் சவூதி றியாலின் விலை கிடைத்துவிடும். வங்கியின் வாங்கும் விலையும் விற்கும் விலையும் இதனை அண்டியே இருக்கும்.

ரூபா கடந்து வந்த பாதை

1967 நவம்பர் வரை ஒரு டொலர் 4 ரூபா 76 சதம். அப்போது டொலருக்கு நாலரை றியால். அதாவது ஒரு றியாலுக்கு நமது ரூபா ஒன்றும் ஆறு சதமும் போதுமாக இருந்தது. அம்மாதம் பிரித்தானியா பவுணின் பெறுமதியைக் குறைத்தபோது இலங்கையும் ரூபாவைக் குறைத்தது. டொலர் 5 ரூபா 95 சதமானது.

1968 முதல் 1977 வரை இரட்டை வீதம் இருந்தது. அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு வீதம். ஏனையவற்றுக்கு வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்கி மேலதிகமாகச் செலுத்த வேண்டும். 1977 நவம்பரில் திறந்த பொருளாதாரத்துடன் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, டொலர் 16 ரூபா அளவில் வந்து நின்றது. றியால் நாலரை ரூபா அளவுக்கு ஏறியது.

2001 ஜனவரி 23ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைச் சந்தையில் மிதக்க விட்டது. அவ்வாண்டு முடிவில் டொலர் 93 ரூபாவாகவும், றியால் ஏறத்தாழ 25 ரூபாவாகவும் இருந்தன.

2021 முடிவில் டொலர் 200 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. றியால் 53 ரூபா. 2022 மார்ச் 7ஆம் திகதி அந்தப் பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவையும் றியால் 96 ரூபாவையும் தொட்டன. பின்னர் 2024 முடிவில் டொலர் 292 ரூபாவாகவும் றியால் 78 ரூபாவாகவும் இறங்கின.

பிடித்து வைத்த விலையின் ஆபத்து

இந்த வரலாற்றில் ஒரு பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. வீதம் அசையாமல் நிற்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்து சேர்ந்துகொண்டே போய் ஒரு நாளில் வெளிப்படுகிறது. அதற்கு ஓர் அடையாளமும் உண்டு. வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடைவெளி விரியும்போது மக்கள் வங்கியை விட்டு விலகுகிறார்கள். வெளிநாட்டில் உழைப்போர் வங்கிகள் மூலம் அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலர். 2021இல் 549 கோடி. 2022இல் 379 கோடி. வீதம் சந்தையுடன் ஒத்துப்போனதும் 2023இல் அது 597 கோடியாக மீண்டது.

ஒரு உதாரணத்தைப் பாருங்கள். 2022 பெப்ரவரியில் ஒருவர் மூன்று மாதத் தவணையில் 1,000 டொலர் பெறுமதியான பொருள் தருவித்தார் என வைத்துக்கொள்வோம். டொலர் 202 ரூபா என்ற கணக்கில் கொள்விலை 202,000 ரூபா. நூற்றுக்குப் பதினைந்து இலாபம் வைத்து 232,300 ரூபாவுக்கு விற்றுவிட்டார். மே மாதம் கடனை அடைக்க 360,000 ரூபா வேண்டும். சரக்கு முழுவதும் விற்றும் 127,700 ரூபா நட்டம்! வியாபாரத்தில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நாணயக் கணக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 360இல் பயந்து சரக்கை அடுக்கி வைத்தவர், விலை இறங்கியபோது வாங்கிய விலைக்கும் விற்க முடியாமல் நின்றார்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

1. வாங்கிய விலையை மட்டும் பார்க்காமல், அதே பொருளை இன்று மீண்டும் வாங்க என்ன செலவாகும் என்பதையும் பார்த்தே விலை போடுங்கள். புறக்கோட்டை மொத்தக் கடையில் ரூபாவுக்கு வாங்கினாலும், பொருள் இறக்குமதி என்றால் அதற்குள் டொலர் இருக்கிறது.

2. டொலரில் கடன் பட்டால், அக்கடன் முடியும் நாளுக்கு முன்னர் கைக்கு வரும் பணத்தைக் கொண்டு அதனை அடைக்கப் பாருங்கள். டொலரில் வாங்கிவிட்டு ரூபாவில் ஆறு மாதக் கடனுக்கு விற்பது இரு பக்கமும் எரியும் மெழுகுதிரி.

3. நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை நடக்க வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. இன்று ரூபாவைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் றியால் பெறுவதாகப் பேசுவது ஆகாது.

4. சகோதரர் ஒருவர் சவூதியிலிருந்து கடனாகப் பணம் அனுப்பினால், அது றியால் கடனா, ரூபாக் கடனா என்பதை அன்றே எழுதி வையுங்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, கடன் எந்த நாணயத்தில் கடமையானதோ அதே நாணயத்தில், அதே அளவில்தான் திருப்பப்பட வேண்டும், பெறுமதி ஏறி இறங்கியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தது. 2021இல் பெற்ற 10,000 றியாலும் அன்றைய அதன் ரூபாவும் 2022இல் ஒன்றாக இருக்கவில்லை. எழுதி வைக்காத இடத்தில்தான் உறவு முறிகிறது.

5. ஸகாத் கணக்கிடும்போது சரக்கை வாங்கிய விலையில் அல்லாமல், ஸகாத் கடமையாகும் நாளின் சந்தை விலையில் மதிப்பிடுங்கள். ரூபா இறங்கிய வருடத்தில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. சந்தேகம் இருப்பின் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

றியால் ஒரு ரூபாவிலிருந்து எழுபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இந்த ஏற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் கடைக் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பக்கத்தில் அன்றைய டொலர் விலையைக் குறித்து வைக்க முடியும். ஒரு வருடம் அவ்வாறு குறித்துப் பாருங்கள். எந்தச் சரக்கு உண்மையில் இலாபம் தந்தது, எது ரூபாவின் வீழ்ச்சியால் இலாபம்போல் தோன்றியது என்பது தெளிவாகிவிடும். வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!