படிக்கட்டு ஆற்றில் ஒரு நாள்

அணை என்றவுடன் பாசனமும் மின்சாரமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் கப்பல் போக்குவரத்துக்காகவே வரிசையாக அணைகள் கட்டியுள்ளனர். கால்வாய் 9 அடி ஆழம் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதனால் ஆறு ஒரு படிக்கட்டுப் போலாயிற்று.

இந்த ஆற்றில் கயாக்கில் நெடுந்தூரம் செல்வோர் உண்டு. கயாக் என்பது ஒடுங்கிய சிறு படகு. வடதுருவப் பகுதி மக்கள் கடல்நாய்த் தோலால் செய்த படகே இதன் முன்னோடி. துடுப்பின் இரு முனைகளிலும் தகடு இருக்கும்.

பிற்பகலில் காற்று வலுக்குமென்பதால் விடியலிலேயே புறப்படுவது நல்லது. அணைக்குக் கீழே நீரோட்டம் படகைத் தள்ளிச் செல்லும். அடுத்த அணையை நெருங்க நெருங்க ஆறு ஏரிபோல் விரியும், ஓட்டம் தளரும். எதிர்க்காற்றில் கை ஓய்ந்தால் படகு பின்வாங்கும்!

அணையை எப்படிக் கடப்பது? மதகுகளின் அருகே செல்லலாகாது. மேலே அமைதியாகத் தோன்றும் நீர், கீழே சுழன்று ஆளை அமிழ்த்திவிடும். பக்கத்தில் 'லாக்' எனும் கதவுகளுள்ள பெருந்தொட்டி உண்டு. அங்கே தொங்கும் கயிற்றை இழுத்து அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சரக்குப் படகுகளுக்கே முதலிடம். உள்ளே நுழைந்ததும் மேற்கதவு மூடும். நீர் தானே வடிய, படகும் மெல்லக் கீழிறங்கும். பம்பு எதுவும் தேவையில்லை.

தோழியரே, ஓட்டம் உதவாத இடத்தில் உழைப்போம். காக்க வேண்டிய இடத்தில் பொறுமை காப்போம். கரை தானே வந்து சேரும்.