துடைத்த முகமும் திருத்திய முகமும்

திருமணம், முதல் நன்மை, முப்பத்தோராம் நாள் நினைவு ஆகியவற்றின் வீடியோக்களை நம் குடும்பங்கள் பொக்கிஷமாகப் பேணி வருகின்றன. பாலையூற்றிலோ உவர்மலையிலோ எடுக்கப்பட்ட வீடியோவைக் கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினர் பார்த்து, வர முடியாத கவலையை ஆற்றிக்கொள்கின்றனர். இன்று இவ்வீடியோக்கள் எடிற்றிங் செய்யப்படும்போது முகங்களும் மாற்றப்படுகின்றன. இது எவ்வாறு நடக்கிறது, இதில் எது தகும், எது தகாது என்பதை இவ்வாரப் பாடத்தில் ஆராய்வோம்.

1. மென்பொருள் செய்வது என்ன?

முற்காலத்தில் ஸ்ரூடியோக்காரர் நெகற்றிவின் மீது கூரிய பென்சிலால் தொட்டு அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைத்தனர். வீடியோவில் அது இயலாது. செக்கனுக்கு 25 படங்கள் எடுத்தால் ஒரு நிமிடத்திற்கு 1,500 படங்கள் ஆகின்றன. ஆகவே மென்பொருளே முகத்தைத் தேடிப் பிடித்து, கண், புருவம், மூக்கு, உதடு, தாடை ஆகியவற்றின் ஓரங்களில் புள்ளிகள் குறித்து, அவற்றைப் படத்துக்குப் படம் பின்தொடர்கிறது.

அதன் பின் இருவகை வேலை நடைபெறும். ஒன்று, தோலின் நுண்ணிய கோடுகளை மங்கச் செய்து, கண் உதடு ஓரங்களை மட்டும் தெளிவாக விடுதல். மற்றது, குறித்த புள்ளிகளை நகர்த்திக் கன்னத்தை ஒடுக்குதல், கண்ணைப் பெரிதாக்குதல், மூக்கைச் சிறிதாக்குதல். டாவின்சி ரிசோல்வ் மென்பொருளில் முகத்தைச் செம்மை செய்யும் கருவி 2017இல் சேர்க்கப்பட்டது. கப்கட் போன்ற செயலிகளில் கைத்தொலைபேசியிலேயே விரலை நகர்த்தி இதனைச் செய்யலாம். முகத்துக்குக் குறுக்கே கை வரும்போதும், பின்னால் உள்ள தூண் கன்னத்தோடு சேர்ந்து வளையும்போதும் இவ்வேலை வெளிப்பட்டுவிடும்.

2. வெரோனிக்கா செய்தது

நண்பகலில் ஆலய வாசலில் நிற்கும் மணமக்களின் பின்னே வெயில் பளிச்சிடும், முகங்களோ இருண்டிருக்கும். மண்டபத்து விளக்குகள் தோலைப் பச்சையாகக் காட்டும். இவற்றைச் சரிசெய்வது நல்ல தொழிலாளியின் கடமை. கமராவின் குறையால் மறைந்த முகத்தை அவர் மீண்டும் காட்டுகிறார்.

சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் வெரோனிக்கா ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்தாள் என்பது நமது மரபு. இரத்தமும் புழுதியும் மறைத்த முகத்தை அவள் வெளிக்கொணர்ந்தாள். அவள் அதற்கு வேறு முகம் கொடுக்கவில்லை. துடைப்பதற்கும் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இதிலிருந்து அறியலாம்.

3. நாம் இழப்பது என்ன?

கடலுக்குப் போய் உப்புக்காற்றிலும் வெயிலிலும் கறுத்த தகப்பன், அடுப்படியிலும் கண்ணீரிலும் சுருக்கம் விழுந்த தாய்: இவர்களின் முகத்தில் பிள்ளைகளுக்காக உழைத்த ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லா முகங்களையும் ஒரே வெண்மையாக்கும்போது அந்த எழுத்து அழிந்துவிடுகிறது. தாய் இறந்த பின் பேரப்பிள்ளைகள் காணப்போவது யாருடைய முகத்தை? நிறம் குறைவு என்று பெண்ணை ஒதுக்கும் நம் சமூக நோய்க்கும் இது தீனி போடுகிறது. தன்னைக் கேளாமலே வெளுப்பாக்கிய வீடியோவைக் காணும் மணமகள், தன் முகம் போதாது என்றே உணர்வாள்.

பரிசுத்த பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் நோயுற்ற தம் முகத்தை மறைக்கவில்லை. 2005 மார்ச் 27, உயிர்ப்பு ஞாயிறன்று சன்னலருகே வந்தார், பேச முயன்றும் குரல் எழவில்லை, கையால் ஆசீரளித்தார். ஆறு நாட்களில் இறைவனடி சேர்ந்தார். அந்த முகத்தை மெழுகியிருந்தால் அவர் அளித்த சாட்சியமும் அழிந்திருக்கும். உயிர்த்த ஆண்டவரும் தோமையாருக்குத் தம் காயங்களையே காட்டினார் (யோவான் 20:27). மகிமை பெற்ற உடலிலும் தழும்புகள் இருந்தன அன்றோ?

4. சம்மதம் வேண்டும்

2024இல் வெளிவந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆப் ஆல் டைம்’ திரைப்படத்தில் நடிகர் விஜய் இளைஞராக்கப்பட்டார். 2023 டிசம்பரில் காலமான விஜயகாந்தின் முகமும், அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, உருவாக்கிக் காட்டப்பட்டது. அது கதை என்பதைப் பார்ப்போர் அறிவர். குடும்ப வீடியோவையோ பெண் பார்க்க அனுப்பும் படத்தையோ பார்ப்பவர் உண்மையென்றே நம்புகிறார். அங்கே முகத்தை மாற்றுவது ஏமாற்றாகிவிடும். பிறருடைய முகத்தை எடுத்து அவமானப்படுத்துவதோ பெரும் பாவம்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய பொய்யுருவங்களுக்குத் தாமும் ஆளானதைக் குறிப்பிட்டார். 2026ஆம் ஆண்டின் 60ஆவது சமூகத் தொடர்பு நாளுக்குப் பாப்பரசர் 14ஆம் லியோ தெரிந்த கருப்பொருள், மனிதரின் குரல்களையும் முகங்களையும் காப்பதாகும்.

5. செய்யத்தக்கவை

வீடியோவுக்கு முற்பணம் கொடுக்கும்போதே, “வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், முகத்தையும் நிறத்தையும் மாற்ற வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். தொழில் செய்வோர் மாற்றுவதற்கு முன் உரியவரைக் கேட்பார்களாக. திருத்தாத மூலப்பிரதியையும் குடும்பத்தாருக்குக் கொடுப்பார்களாக.

குடும்பச் செபத்தின் பின் சிந்திக்க:

(அ) நம் வீட்டுப் பழைய படங்களில் யாருடைய முகத்தைப் பார்க்க நமக்கு மிகுந்த ஆசை? அதன் எந்த அடையாளத்தால் அவரை அறிகிறோம்?

(ஆ) நம் பிள்ளைகளின் நிறத்தையோ தோற்றத்தையோ குறைகூறி, இறைவன் தந்த முகத்தை அவர்களே வெறுக்கச் செய்திருக்கிறோமா?