கைப்பிடியில் டேப் சுற்றினால் கை வழுக்காதா?

ஸ்பிதி பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் உறைந்து தொங்கும் அருவிகளில் ஏறிப் பழக ஆட்கள் வருகிறார்கள். அங்கே இரு கைகளிலும் ஏந்தும் ஐஸ் டூல் என்னும் பனிக்கோடரிதான் துணை. அதன் கைப்பிடியில் டேப் சுற்றுவதைப் பற்றி வாய்மொழியாகப் பரவிய நம்பிக்கைகள் நிறைய. அவற்றில் சில ஏறுபவரின் கையையே சோர்வடைய வைக்கின்றன.

நம்பிக்கை: தடிமனாகச் சுற்றச் சுற்றப் பிடிமானம் கூடும்.

உண்மை: குறையும். கையில் ஏற்கெனவே தடித்த கையுறை இருக்கிறது. தண்டும் பருத்துவிட்டால் விரல்கள் முழுதாக மடங்காது; முன்கைத் தசை கூடுதலாக உழைக்க வேண்டிவரும். சற்று நேரத்தில் முன்கை கல்லாக இறுகி, விரல்கள் தாமாகவே பிரியும். அடியிலிருந்து மேல்வரை ஒரு தடவை சுற்றினால் போதும்; பாரத்தைத் தாங்குவது டேப்பின் வேலையல்ல. முன்பு மணிக்கட்டில் மாட்டிய பட்டை உடல் பாரத்தைத் தாங்கியது. 2000-களில் பட்டையில்லாக் கருவிகள் பரவிய பிறகு, அந்த வேலை கைப்பிடியின் அடியில் சுண்டுவிரலுக்குக் கீழே நீளும் தாங்கிக்கு வந்துவிட்டது. கை அதன்மேல் உட்கார வேண்டும். டேப் இருக்கும் தைரியத்தில் பிடியைக் கொஞ்சம் தளர்த்த முடிகிறதே, அதுதான் டேப்பின் முழுப் பயன்.

நம்பிக்கை: எந்த டேப்பானாலும் சரி.

உண்மை: வீட்டில் கிடக்கும் இன்சுலேஷன் டேப் உறைகுளிரில் விறைத்து வழவழப்பாகும், பசையும் விட்டுப்போகும். ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப் உலர்ந்த நாளில் நன்றாகப் பிடிக்கும். அருவியில் நீர் கசிகிற நாளில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உறைந்துவிடும். நான் பரிந்துரைப்பது தன்மேல் தானே ஒட்டும் சிலிக்கோன் டேப். அதில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். மைனஸ் 20 டிகிரியிலும் நெகிழ்வாகவே இருக்கும். தண்டைப் பிசுக்கில்லாமல் துடைத்து, கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி மேலே போங்கள். கூரைக்கு ஓடு வேய்கிற முறைதான்: விளிம்புகள் கீழ்நோக்கி அமைவதால், கை கீழே இறங்கும்போது தட்டாது. சிலிக்கோன் டேப்பின் குறை ஒன்றுதான். சின்னக் கீறல் விழுந்தாலும் நெடுகக் கிழியும். தண்டைப் பனிக்குள் செருகிச் செருகி நடக்கும் ஏற்றங்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம்; அதே விளிம்புகளைப் பனி உரித்துவிடும்.

நம்பிக்கை: டேப் சுற்றினால் கை குளிராது.

உண்மை: பாதி சரி. அலுமினியம் ரப்பரைவிடப் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் கை மாற்றிப் பிடிக்கும் மேல்தண்டில் டேப் இருப்பது நல்லது. ஆனால் விரல்கள் மரத்துப்போக முக்கியக் காரணம், வெகுநேரம் தலைக்கு மேலே தூக்கிய கையும், நெரித்துப் பிடிக்கும் பழக்கமும். விரல்நுனிக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. பிறகு அது திரும்பிப் பாயும்போது எழும் வலியில் குமட்டலே வந்துவிடும். இதற்கு எந்த டேப்பும் மருந்தாகாது. கால்கள் நன்றாக ஊன்றியதும் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறுங்கள், பிறகு மற்றதை.

நம்பிக்கை: ஒருமுறை சுற்றினால் கருவியின் ஆயுள் முழுக்கப் போதும்.

உண்மை: டேப்புக்கு அடியில் தண்டு விரிசல் விட்டாலும் நசுங்கினாலும் கண்ணில் படாது. பருவம் முடிந்ததும் முழுவதையும் உரித்து, தண்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். அதன்மேல் இன்னொரு டேப் சுற்றாதீர்கள்.