துருவேறிய மரையாணி

பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிடப் புகுவோர்க்கு முதற்பகை துருவே. அதனை உடல்வலியால் வெல்லலாமென்று எண்ணி யான் தோற்றவாற்றையும், பின்னர்க் கற்ற முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

சென்ற கோடை விடுமுறையில், என் பாட்டனார் காத்துவந்த போர்டு 'மாடல் ஏ' வண்டியைப் புதுக்கத் தொடங்கினோம். 1927-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவ்வகை வண்டி நான்கு சிலிண்டர்களும் 40 குதிரைத்திறனும் உடையது. அதன் எஞ்சினின் ஒரு பக்கத்தில் மேனிபோல்டு எனப்படும் குழாய்கள் உள்ளன. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உட்செலுத்தும். மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றும். இவற்றை எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலோடு பிணிப்பன எஃகு மரையாணிகளும் நட்டுகளுமாம்.

எஞ்சின் ஓடுந்தோறும் இவை மிகக் காய்ந்து, நின்றபின் குளிர்ந்து, காற்றின் ஈரத்தை ஏற்கின்றன. அதனால் தோன்றும் துரு, தான் பிறந்த இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். மரைகளின் நுண்ணிய இடைவெளியில் அஃது ஆப்பு இறுக்கினாற்போல் இறுகிவிடுகிறது. ஆணியும் உள்ளே அரிக்கப்பட்டு மெலிகின்றது. பிணிப்பு மிகவும் பிணிக்கப்படும் பொருள் நலிவதே இதன் இடர்.

முதலிரண்டு நட்டுகளும் எளிதிற் கழன்றன. மூன்றாவது அசையவில்லை. யான் ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயொன்றைச் செருகி முழுவலியோடும் இழுத்தேன். சட்டென்று இளகிற்று. கழன்றதென்று மகிழ்ந்தேன், நட்டோடு பாதி ஆணியும் முறிந்து கையில் வந்தது. பாட்டனார் ஒன்றும் பேசாது உள்ளே சென்றுவிட்டார். அம்மௌனம் வசையினும் கொடிதாயிருந்தது.

மறுநாள் வந்த முதிய மெக்கானிக், "தம்பி, அவிழ்க்கத் தொடங்குமுன் சிறிது இறுக்கிப் பார்த்தாயா?" என்றார். அவர் கற்பித்த முறை இது: வெளித்தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்குக. துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு விடுக, மறுநாளும் இடுக. நட்டின் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. அவ்வதிர்ச்சியால் துரு நொறுங்கி எண்ணெய் உட்புகும். ஆறுமுகச் சாக்கெட்டை முழுதும் பொருத்தி, முதலில் மயிரிழை இறுக்கி, பின்னர் அவிழ்க்குக. சிறிது அசைந்தால் முன்னும் பின்னுமாகத் திருப்பி, மேலும் எண்ணெய் விடுக.

இவற்றிற்கும் இணங்காததற்கு வெப்பமே மருந்து. நட்டை விரைந்து சூடேற்றின், உள்ளிருக்கும் ஆணி காயுமுன் அது விரிந்து பிடி தளரும். சிறிது ஆறியபின் மெழுகுவர்த்தியைத் தொட்டால், மெழுகு உருகி மரையினுட் செல்லும். ஆனால் இவ்வண்டியில் பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு அடுத்துப் பின்னே உள்ளது. கார்புரேட்டரோ மேனிபோல்டின் கீழேயே தொங்குகிறது. வெறுந்தொட்டியிலும் எரியும் ஆவி நிற்குமாதலின், எண்ணெயைத் துடைத்து, எஞ்சினை வண்டியினின்று இறக்கித் தொலைவில் வைத்தே தீயை அணுகுக.

நல்வினையாக, முறிந்த ஆணி சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை இறக்கியபின், பெரியவர் அதன்மேல் புதிய நட்டொன்றை வைத்துப் பற்றவைத்தார். செம்மை மாறியபின் மெழுகிட்டு, ஸ்பானரை என் கையில் தந்தார். கால் சுற்று முன், அரைக்கால் சுற்றுப் பின் என ஒரு நாழிகை உழைத்தேன், ஆணி வெளிவந்தது. உள்மரை பழுதின்றியிருந்தது. மட்டத்தோடு முறிந்திருந்தால், நடுவைத் தப்பாது குறித்துத் துளையிட வேண்டும். துளை ஒருபுறம் சாய்ந்தால் எஞ்சினின் மரையே அழியும்.

திரும்பப் பூட்டுங்கால் புதிய ஆணிகளும் பித்தளை நட்டுகளும் இட்டோம். பித்தளை துருப்பிடிக்காது, மறுமுறை கழற்றுவோர்க்கு எளிது. கடைசி நட்டை இறுக்கும்போது பாட்டனார் அருகில் வந்து நின்றார். "போதும், இன்னும் இறுக்காதே" என்றார். அன்று அவர் என்னோடு பேசிய முதற்சொல் அதுவே.