லோனில் போனால் ஒழிந்தானா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தருகிறேன். மைதான ஓரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பெரிய கிளப் லோன்ல அனுப்பிட்டா, பையனைக் கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம் சார்." கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை 1: லோன் என்றால் வேண்டாதவன்.

உண்மை: சுத்தப் பொய். லோன் என்றால், சொந்த கிளப் தன் வீரரைக் கொஞ்ச காலம் வேறு கிளப்பில் ஆட அனுப்புவது. அனிருத் தாப்பாவைப் பாருங்கள். சென்னையின் எஃப்சி 2016-இல் அவரை எடுத்தபோது வயது 18. அந்த ஆண்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடர் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. பையனைச் சும்மா உட்கார வைக்காமல், 2017 ஐ-லீக் ஆட மினர்வா பஞ்சாபுக்கு லோனில் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் 2018-இல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக கோல் அடித்தார். 2021-இல் சென்னையின் எஃப்சி கேப்டன். 2023-இல்தான் மோகன் பகானுக்குப் போனார். கழித்துக் கட்டியவனையா கேப்டன் ஆக்குவார்கள்? இங்கிலாந்தின் ஹாரி கேனும் டாட்டன்ஹாமிலிருந்து நான்கு கிளப்புகளுக்கு லோனில் போய் வந்தவர்தான்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு இது புரியாதா? அப்ரண்டிஸ் பையனை மெஷின் பக்கமே விடாமல் ஸ்டோரில் உட்கார வைத்தால் தொழில் வருமா? பெஞ்சில் உட்கார்ந்த கால்களும் அப்படித்தான். ஆட்டம் கிடைக்காத லோனும் வீண்தான். அதனால் "எந்த கிளப்?" என்பதைவிட, "எத்தனை ஆட்டம் இறக்குவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை 2: போனால் திரும்ப முடியாது.

உண்மை: ஃபிஃபா விதிப்படி ஒரு லோன் ஒப்பந்தம் அதிகபட்சம் ஓராண்டு. வீரர் சொந்த கிளப்பின் ஆள்தான்.

நம்பிக்கை 3: நல்ல விலை வந்தால் விற்றுவிடுவதே லாபம்.

உண்மை: அவசரப்பட்டால் நட்டம். செல்சி 2014-இல் விற்ற டி புருய்னே, மான்செஸ்டர் சிட்டிக்குக் கோப்பை மேல் கோப்பை வென்று தந்தார். முதலில் லோனில் அனுப்பி ஆட விட்டுப் பாருங்கள், விற்பனை பிறகு.

நம்பிக்கை 4: விற்றால் ஊர்ப் பயிற்சி அணிக்குக் காசு வராது.

உண்மை: ஒப்பந்தக் காலத்திலேயே வெளிநாட்டு கிளப்புக்கு விற்றால், தொகையில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். பதிவு இருந்தால் மட்டும்! நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் ஆடுகிறார்கள். புது ஷூ பிறகு வாங்கலாம். பன்னிரண்டு வயதில் பிள்ளையை முறையாகப் பதிவு செய்யுங்கள்; அந்தச் சான்றை ரேஷன் கார்டு போலப் பத்திரமாக வையுங்கள்.