புயற்காலத்திற்கு முன்னேற்பாடு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை மரக்காணக் கரையைத் தாக்கிற்று. அடுத்த மாதமே ஜப்பானின் கோபே நகரில் ஐக்கிய நாடுகள் சபையாரின் பேரழிவுத் தணிப்பு மகாநாடு கூடிற்று. 2015-இல் செண்டாய் நகரில் மறுபடியும் கூடிற்று. எச்சரிக்கை கடைக்கோடிக் குடியையும் காலத்தில் எட்டவேண்டுமென இரண்டும் வற்புறுத்தின.

நிவர் (2020), பெஞ்சல் (2024) ஆகிய புயல்கள் நவம்பர்க் கடைசியிற் புதுச்சேரியருகே கரை கடந்தன. ஆதலால், ஐப்பசி பிறக்குமுன்னரே உப்புக் குவியல்களை மேட்டிற் சேர்த்துப் பனையோலையால் மூடுக, வடிகால்களைத் தூர்வாருக. எச்சரிக்கை வந்தவுடன் கிராம அதிகாரிகள் ஊராருக்கு அறிவித்து, தாழ்ந்த இடத்து உப்பளத் தொழிலாளரை முதலில் அப்புறப்படுத்தவேண்டும்.

கடல்நீர் புகுந்த வயலில் அந்நீரை வடித்து, நன்னீரைப் பன்முறை தேக்கி வடித்து, மண்ணைச் சோதித்த பின்னரே விதைத்தல் நலம்.